யோகுவின் வாயில் உங்கள் குரல்

என் பிரியத்துக்குரிய ராமையா மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. திதிக்குப் படையல் போட்டேன். உங்களுக்குப் பிடித்த நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். ஊர் குறை சொல்லும்படி எதையும் விடவில்லை. ஆனால் உங்கள் படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது பேச வேண்டி வந்திருக்கிறது. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள் மாமா. றக்வானை டவுனில் வெடி கொளுத்தினார்கள், ரோட்டில் மேசை போட்டுப் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். பஸ்ஸில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், எதற்குக் கேட்கிறார் என்றுதான் இப்போதும் முதலில் யோசிக்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

என் தம்பி யோகேஸ்வரன் பேசாத பிள்ளை இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை. "சாப்பிட்டியா யோகு?" என்றால், "சாப்பிட்டியா யோகு?" என்பான். கேட்டவருடைய குரலும் இழுப்பும் அப்படியே வரும். லயத்தில் சிலர் அதற்குச் சிரித்தார்கள், சிலர் பேய்க்கோளாறு என்றார்கள். அம்மா இருந்தவரை அவனை முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றினாள். அம்மா போன பிறகு, அவள் தம்பி, தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டிய நீங்கள்தான் அவனை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் காட்டினீர்கள். இதை நான் மறந்தவள் இல்லை.

அவனுக்குப் பதினாறு வயதானபோது, இரத்தினபுரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று டொக்டர் ஒருவர் சொன்னார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள்; சனிக்கிழமை லீவு. நீங்களும் கூட வந்தீர்கள். ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. ஆறேழு பிள்ளைகள். பின்னால் பாயில் அம்மாமார். முன்னால் கௌரி டீச்சர், வவுனியாக்காரி. அவர் வாயைத் திறந்ததுமே உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"வடக்கத்தி ஆளு" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். வடக்கு என்றாலே இயக்கத்தோடு தொடர்பு இருக்கும் என்று உங்களுக்குப் பயம்.

டீச்சர் எங்களுக்கு முதலில் விளங்கவைத்தது ஒரு சின்ன விஷயம். தாகம் வந்தால் யோகு, "தண்ணி வேணுமா யோகு?" என்பான். அவன் எங்களைக் கேலி செய்கிறான் என்றுதான் நான்கூட நினைத்திருந்தேன். டீச்சர் சொன்னார்: "அவன் சும்மா திருப்பிச் சொல்லேல்லைத் தேவகி. அந்தக் கேள்வி வந்தால் தண்ணி வரும் எண்டு அவனுக்குத் தெரியும். தெரிஞ்ச வழியில கேக்கிறான். என்ன சொல்ல வாறான் எண்டு கண்டுபிடிக்கிறது எங்கட வேலை."

எழுத்துக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில்லை அது. ஆளோடு ஆள் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டுவார்கள். பழம் கையில் வந்தவர் பேச வேண்டும், பேசியதும் அடுத்தவருக்கு உருட்டிவிட வேண்டும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பிறகு கடை விளையாட்டு, பஸ் விளையாட்டு. விளங்காவிட்டால் "வெளங்கல, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்கப் பழகுவதற்கே பல சனிக்கிழமைகள் போயின. அதைச் சொல்ல யோகுவுக்கு வந்த நாள், நீங்கள் எல்லாருக்கும் டொபி வாங்கிக் கொடுத்தீர்கள்.

இருந்தும் உங்கள் சந்தேகம் போகவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வேலை, இரவில் என்ன பேசுவீர்கள் என்றெல்லாம் டீச்சர் பிள்ளைகளிடம் கேட்பார். யோகு வீட்டில் பேசுவதை கெசட்டில் பிடித்துவரச் சொன்னார். திரும்பி வரும் வழியில் நீங்கள் பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே சொல்வீர்கள், நம்ம வீட்டுக் கதை அந்தப் பொம்பளைக்கு எதுக்கு என்று. அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரக் கேள்வி இல்லை. வெள்ளை வேன் வந்தது, ஆள் போனான் என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். கெசட்டைக் கொடுத்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

பிறகு ஒருநாள், வகுப்பு முடிந்து வரும்போது, அந்தச் சோதனைச் சாவடி. பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பையன், யோகுவைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், அவனைப் பார்த்து "நம மொகத?" என்று பெயர் கேட்டான். யோகு அவன் முகத்தைப் பார்க்காமலே, அதே குரலில், அதே அதட்டலோடு, "நம மொகத?" என்றான். இன்னொருமுறை கேட்டான். இன்னொருமுறையும் அதே வந்தது. அறை விழுந்தது. நீங்கள் நடுவில் பாய்ந்து, கைகூப்பி, சிங்களத்தில் என்னென்னவோ சொல்லி யோகுவை இழுத்துவந்தீர்கள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவன் கையை நீங்கள் விடவில்லை.

நடந்ததை டீச்சரிடம் சொன்னது நான்தான். அடுத்த வகுப்பில் அவர் நாற்காலிகளை பஸ் மாதிரி அடுக்கினார். ஒரு பிள்ளையின் தலையில் தொப்பியைப் போட்டு ஆமியாக நிற்கவைத்தார். சிங்களத்திலேயே கேட்கச் சொன்னார். கேள்வியைத் திருப்பிச் சொல்லக் கூடாது, "மகே நம யோகேஸ்வரன்" என்று பெயரைச் சொல்ல வேண்டும். கையை வெளியே தெரிய வைக்க வேண்டும். பேசுகிறவரின் வாயைப் பார்க்க வேண்டும், முறைத்துப் பார்க்கக் கூடாது. யோகுவுக்கு இது உயிர்ப் பாடம் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

நீங்கள் நினைத்தது வேறு. அன்றைக்குத் தண்ணீர்ப் பீலியடியில் கை கழுவிக்கொண்டே கேட்டீர்கள்: "செக் பொய்ன்ட்ல எப்புடித் தப்பணும்னு படிச்சுக்குடுக்க வேண்டிய தேவை யாருக்கு வரும், மருமகளே? நீயே சொல்லு."

நான் டீச்சரை நம்பினேன். ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை, முள் மாதிரி உள்ளேயே இருந்தது.

ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். யோகுவை நீங்களே லொறியில் கூட்டிப்போனீர்கள். கிளீனர் செல்லத்துரையும் உங்களோடு வந்தார். நன்றாக இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தீர்கள். லொறி உடைந்துவிட்டது என்றீர்கள். யோகு சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அந்த வாரத்துக்குள் கௌரி டீச்சரைக் கொண்டுபோய்விட்டார்கள். மேல்மாடிக்குப் பூட்டு. சோதனைச் சாவடியில் தப்பிப் போவதற்கு இளம் ஆட்களைப் பழக்குகிறார் என்று யாரோ தகவல் கொடுத்தார்களாம். என்னை விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்கே இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலியை எப்படி அடுக்கினார், தொப்பியை யார் தலையில் போட்டார், என்ன கேள்வி கேட்கச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக என்னிடமே சொல்லி, சரியா என்று கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தவர் சொல்லாமல் அவ்வளவும் வெளியே போயிருக்க முடியாது.

அறையில் இருந்தவர்கள் எத்தனை பேர்? அந்த அம்மாமார், நான், நீங்கள். ஒவ்வொரு அம்மாவின் முகத்தையும் மனதில் கொண்டுவந்து பார்த்தேன். ஒருத்தியின் அண்ணன் பொலிஸில் சாரதி. இன்னொருத்திக்கு டீச்சரோடு ஒரு மனத்தாங்கல். அவர்கள் மேல் சந்தேகப்பட எனக்குக் காரணம் கிடைத்தபடியே இருந்தது. உங்கள் பக்கம் மட்டும் மனம் போக மறுத்தது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு பின்னேரம், தோட்ட ரோட்டில் பொலிஸ் ஜீப் ஒன்று போனது. பீலியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்த யோகு நிமிர்ந்தான். தொண்டையைச் செருமினான். நீங்கள் பேச்சுத் தொடங்குமுன் இரண்டு தரம் செருமுவீர்களே, அதே செருமல். பிறகு உங்கள் குரலில், உங்கள் சிங்களத்தில் சொன்னான்: "ஏ டீச்சர் தமாய் இகென்னுவே, மாத்தயா."

அந்த டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார், ஐயா.

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். யோகு பொய் சொல்லத் தெரியாதவன் மாமா. காதில் விழாத ஒன்று அவன் வாயில் வராது என்றுதான் அன்று நினைத்தேன்.

நேராக லொறிக் கொட்டகைக்கு வந்தேன். டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தீர்கள். சுற்றி வளைக்காமல், டீச்சரைக் காட்டிக்கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், யோகு சொன்னதைக் கேட்ட பிறகும் நம்பியிருப்பேன். நீங்கள் நிமிரவேயில்லை.

"யாரு சொன்னா என்ன? மருமகன் வீட்டுல இருக்கான்ல."

இவ்வளவுதான் சொன்னீர்கள். அதை நான் திமிராக எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் உள்ளே கிடக்கிறாள், இவருக்கு மருமகன் வீட்டில் இருந்தால் போதுமா என்று எரிந்தது. அன்றோடு உங்களோடு பேச்சை நிறுத்தினேன். யோகுவை லொறியில் ஏற்றவும் விடவில்லை. நீங்கள் ரொட்டியும் சீனியும் வாங்கிவந்து எங்கள் காம்பரா அறை வாசலில் வைத்துவிட்டுப் போவீர்கள். நான் அதைத் தொடாமல் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். உங்களுக்கும் தெரியும், ஆனாலும் வைப்பதை விடவில்லை.

டீச்சரைப் பல மாதம் வைத்திருந்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். பார்த்துவந்த ஒரு அம்மா சொன்னார், ஆள் பாதியாகிவிட்டார், கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறார் என்று. பேசக் கற்றுக்கொடுத்தவரின் பேச்சையே வாங்கிவிட்டார்கள். அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் நீங்களும் போனீர்கள். றக்வானை ரோட்டு வளைவில் நெஞ்சு வலித்ததும் லொறியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தீர்களாம். பின்னால் கொழுந்து மூட்டைகளுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரே உங்களைப் புகழ்ந்தது. நான் அழுதேன். ஆனால் அழும்போதும் உள்ளே ஒரு கதவு சாத்தியே இருந்தது.

போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர், விறகு பொறுக்கின பக்கத்துக் காம்பராச் சிறுமியின் கையைப் பிடித்து எங்கள் லயத்து முன்னால் இழுத்துக்கொண்டு போனார். பிள்ளை கத்தினாள். யோகு வாசலில் இருந்தான். எழுந்துபோய் அவர் முன்னால் நின்றான். தொண்டையை இரண்டு தரம் செருமினான். உங்கள் குரல்தான். 

"புள்ளைய விட்டுருங்க மாத்தயா. அதுக்கு ஒண்ணுந் தெரியாது. என்னைய வச்சுக்கிருங்க."

வாச்சர் நம்மாள், தமிழர். அவரை லயத்தில் ஒருவரும் மாத்தயா என்பதில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிள்ளையின் கையை விட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன?

மறுநாளே செல்லத்துரையைத் தேடிப் போனேன். நீங்கள் போன பிறகு அவர் லொறி வேலையை விட்டுவிட்டு எம்பிலிப்பிட்டியச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். எனக்குக் காய்ச்சல் கண்ட அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு ஒரு வாழைக்காய் மூட்டையில் உட்கார்ந்தார்.

"லொறி ஒடையலீங்க டீச்சர். திரும்பி வாறப்ப செக் பொய்ன்ட்ல யோகுவப் புடிச்சு உள்ள வச்சுட்டாங்க. கேள்வி கேட்டவன் சொன்னதையே இவனும் சொல்லியிருக்கான், நடிக்கிறான்னு நெனச்சுட்டாங்க. மாமா பின்னாலயே உள்ள போனாரு. ரெண்டு பேரும் வெளிய வர இருட்டிப்போச்சு. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று கேட்டேன். தான் லொறியை விட்டு இறங்கவேயில்லை, தெரியாது என்றார்.

மாமா, அன்று உள்ளே என்ன நடந்தது? இவனுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தவர் பேரைச் சொன்னால் பையனை விடுகிறோம் என்றார்களா? அவர்கள் கேட்குமுன்னே நீங்களாகச் சொன்னீர்களா? உங்களுக்கு முதல் நாளிலிருந்தே டீச்சரைப் பிடிக்கவில்லையே. அந்தப் பிடிக்காமையும் சேர்ந்துதான் உங்கள் வாயைத் திறந்ததா? கொட்டகையில் நான் கேட்டபோது, யோகுவை உள்ளே வைத்திருந்தார்கள் என்று அந்த ஒன்றையாவது ஏன் சொல்லவில்லை? வெளியே தெரிந்தால் மறுபடி வருவோம் என்று மிரட்டினார்களா? என்னையும் நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டீர்களா?

செல்லத்துரை சொன்னதையும் நான் முழுதாக நம்பவில்லை. செத்தவர் மேல் உள்ள மரியாதையில் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறாரோ என்று பஸ்ஸில் வரும்போதே மனம் கணக்குப் போட்டது.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. முதலில் யோகு சொன்னது சிங்களம். நீங்கள் பொலிஸோடு பேசுவது எப்போதும் சிங்களம்தான், தமிழில் ஒரு சொல்கூட விடமாட்டீர்கள். ஆனால் போன மாதம் அவன் சொன்னது தமிழ். ஒன்றைக் கேட்டால் கேட்ட பாஷையிலேயே திருப்பிச் சொல்பவன் அவன். பாஷையை மாற்றிச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படியானால்? நீங்கள் அன்று சிங்களத்தில் கெஞ்சியதை அவன் விளங்கிக்கொண்டு, இவ்வளவு காலம் உள்ளே வைத்திருந்து, தன் பாஷையில் தானே சொன்னானா? அல்லது நீங்கள் அப்படி ஒன்றைச் சொல்லவேயில்லையா? கையைப் பிடித்து இழுக்கப்படும் ஒரு பிள்ளையைக் கண்டதும், ஒரு பெரிய ஆள் இங்கே என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவனாகவே யோசித்து, உங்கள் குரலை மட்டும் இரவல் வாங்கினானா? யாரும் தன் காதில் போடாத ஒன்றை அவன் வாயிலிருந்து கேட்கும் நாளுக்காகக் காத்திருப்பதாக கௌரி டீச்சர் எங்களிடம் சொல்லுவார். அது நடந்துவிட்டதா? அதைப் பார்க்க டீச்சர் இங்கே இல்லையே.

அவனையே கேட்டுப் பார்த்தேன். "அன்னைக்கு மாமா என்ன சொன்னாரு யோகு?" என்றேன். முன்பு என்றால் அதையே திருப்பிச் சொல்லியிருப்பான். இப்போது என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாமா அழுதாரு" என்றான்.

 அது அவனுடைய சொந்தக் குரல், இப்போது உடைந்து தடித்துவிட்ட குரல். இதையாவது நான் சந்தேகப்படக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட வெளியே போய் நின்றுகொண்டீர்கள். அந்த அறையில், ஆமியும் பொலிஸும் பார்க்க, இவன் முன்னால் அழுதிருக்கிறீர்கள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மன்னிப்பது என் கையில் இல்லை. பட்டது நான் இல்லை. உங்கள் மருமகன் அன்றிரவு வீட்டுக்கு வந்தான், யாரோ பெற்ற பிள்ளை உள்ளே போனாள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

யோகு இப்போது தொழிற்சாலையில் மேல்தட்டில் கொழுந்து பரப்புகிறான். சம்பளத்தன்று சந்திக் கடைக்குத் தனியாகப் போய் வருகிறான். போன கிழமை சாவடியில் பெயர் கேட்டிருக்கிறார்கள், தன் பெயரைச் சொல்லி அடையாள அட்டையை நீட்டிவிட்டு வந்தானாம். பஸ்ஸில் கூட வந்த பெண் சொன்னாள். உங்களுக்குக் கேட்க ஆசையாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

டீச்சர் வவுனியாவில் இருக்கிறாராம். சண்டையில் தப்பி முகாமுக்கு வந்த பிள்ளைகளில் பேச்சு நின்றுபோனவர்கள் நிறையப் பேராம், அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தப் பழைய வகுப்பு அம்மா ஒருவர் விசாரித்துச் சொன்னார். தவணை லீவு விட்டதும் யோகுவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் பெயரை மறைக்க மாட்டேன் மாமா. "உங்களைக் காட்டிக்கொடுத்தது என் தாய்மாமன்" என்று டீச்சர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் எழுந்துபோகச் சொன்னாலும் சொல்லட்டும். ஆனால் நான் அத்தோடு எழுந்துவிட மாட்டேன். அன்று உள்ளே யாரை வைத்திருந்தார்கள், யார் அழுதார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் அக்காவின் மூத்த பிள்ளை,
தேவகி